மெல்லிய சமிக்ஞைக்கு ஏற்ற றிலே எது?

(மேல்வகுப்பு மாணவர்க்கும் பெற்றோர்க்குமான செய்முறைப் பாடம்)



நமது ஆண்டு விழா மண்டபத்திலுள்ள பெருக்கிக்கு ஒலி மூன்று வழிகளால் வந்து சேருகின்றது. பேச்சுக்கும் பாட்டுக்கும் உரிய ஒலிவாங்கிகளின் கலவைப் பெட்டி ஒன்று. நடனப் பாடல்களைத் தரும் கணினி இன்னொன்று. விழா தொடங்குமுன்னும் இடைவேளையிலும் நாதஸ்வர இசையை ஒலிக்கும் இறுவட்டுக் கருவி மூன்றாவது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம் மேடைக்குப் பின்னால் நிற்பவர் ஒரு செருகியைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகுகின்றார். அப்போது எழும் 'டப்' என்ற ஓசையை நாம் எல்லோரும் அறிவோம்.

மூன்று பொத்தான்களும் ஒரு நுண்கட்டுப்படுத்தியும் இருந்தால் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யலாம். ஆர்டுயினோ போன்ற சிறு பலகைகளை நமது மாணவர் பலர் வீட்டிலும் பள்ளியிலும் பழகி வருகின்றனர். ஆனால் நுண்கட்டுப்படுத்தி 'இதைத் திற, அதை மூடு' என்று கட்டளையிட மட்டுமே வல்லது. ஒலிச் சமிக்ஞையை உண்மையில் இணைப்பதும் துண்டிப்பதும் றிலேயின் பணி. எந்த றிலேயைத் தெரிவது என்பதே இப்பாடத்தின் பொருளாகும். கடையில் மலிவாகவும் பெரிதாகவும் கிடைப்பதை வாங்கிப் பூட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அதற்குரிய காரணத்தை விளங்கிக்கொண்டால் பாடத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

1. றிலே என்பது யாது?

றிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் ஆளி. இரும்பு அகணியின்மேற் சுற்றிய சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது காந்தமாகி, எதிரேயுள்ள இரும்புத் தகட்டை இழுக்கின்றது. தகடு அசையும்போது அதனோடு பொருந்திய தொடுகைகள் ஒன்றைவிட்டு ஒன்றைச் சேருகின்றன. ஓட்டத்தை நிறுத்தினால் வில் தகட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றது. சுருளுக்கும் தொடுகைகளுக்கும் இடையே மின்னிணைப்பு இல்லை என்பதை மனத்திற் கொள்க. கட்டளையிடும் சுற்று வேறு, கட்டளைக்கு உள்ளாகும் சுற்று வேறு.

1835 ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஜோசப் ஹென்றி இத்தகைய அமைப்பைச் செய்து காட்டினார். 1844 இல் வோஷிங்டனுக்கும் பால்ரிமோருக்கும் இடையே மோர்ஸ் தந்தி வழங்கத் தொடங்கியது. நெடுந்தூரம் சென்று நலிந்துபோன தந்திச் சமிக்ஞை ஒரு றிலேயை அசைக்கும். அந்த றிலே புதிய மின்கலத்தின் வலிமையோடு அதே செய்தியை அடுத்த கம்பிக்கு அனுப்பும். முற்காலத்தில் நெடும்பயணத்தின் இடையிடையே களைத்த குதிரையை மாற்றிப் புதுக் குதிரையைப் பூட்டும் வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லே இதற்கும் பெயராயிற்று.

கணினியின் தொடக்கத்திலும் றிலேக்கு இடமுண்டு. ஜேர்மனியரான கொன்ராட் சூசே 1941 இல் பேர்லினில் இயக்கிக் காட்டிய செற்-3 என்னும் கணிப்பொறி றிலேக்களாலேயே ஆனது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் மார்க்-2 என்னும் கணிப்பொறியும் அவ்வாறானதே. 1947 செப்ரெம்பர் 9 ஆந் திகதி அதன் 70 ஆம் இலக்க றிலேயில் ஒரு விட்டிற்பூச்சி அகப்பட்டிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். அந்த ஏடு இன்றும் அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்திற் பேணப்படுகின்றது. இரண்டு தொடுகைகளின் நடுவே அயற்பொருள் ஏதும் புகுந்தால் எவ்வளவு பெரிய பொறியும் தடுமாறும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நமது பாடத்தில் வரும் அயற்பொருள் விட்டிற்பூச்சியன்று. கண்ணுக்கே தெரியாத மென்படலம்.

2. பளுவுக்கு ஒன்று, சமிக்ஞைக்கு ஒன்று

மாணவர் பழகுவதற்கென விற்கப்படும் றிலேப் பலகைகளில் நீல நிறப் பெட்டி போன்ற ஒன்று இருக்கும். அதன் முதுகில் '10 அம்பியர், 250 வோல்ற்' என்று பொறித்திருக்கும். விளக்கு, நீரிறைக்கும் பொறி முதலிய பளுக்களை மாற்றுவதற்காக ஆக்கப்பட்டது அது. 10 அம்பியரைத் தாங்குவதற்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு அம்பியரையும் எட்டாத ஒலிச் சமிக்ஞை ஒரு பொருட்டா என்று எண்ணத் தோன்றும். இங்கேதான் நமது பொது அறிவு நம்மை ஏமாற்றுகின்றது.

பளு றிலேயின் தொடுகைகள் பெரும்பாலும் வெள்ளிக் கலப்புலோகத்தால் ஆனவை. வெள்ளி மிக நல்ல கடத்தி. ஆயினும் காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளோடு சேர்ந்து அதன் மேற்பரப்பிற் கரிய சல்பைட்டுப் படலம் உண்டாகின்றது. வீட்டிலுள்ள வெள்ளிக் குங்குமச் சிமிழ் கறுப்பதும் இதனாலேயே. பெரிய மின்னழுத்தம் இந்தப் படலத்தைத் துளைத்துவிடும். பெரிய ஓட்டம் தொடுமிடத்தைச் சூடாக்கிப் புதிய உலோகத்தை வெளிப்படுத்தும். தொடுகை பிரியும்போது தோன்றும் சிறு பொறியும் படலத்தை எரித்துவிடும். ஆகவே, பளு றிலே தன் வேலையைச் செய்யுந்தோறும் தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்கின்றது.

மெல்லிய சமிக்ஞைக்கு இந்த வலிமை இல்லை. படலத்தைத் துளைக்கும் அழுத்தமும் இல்லை. சூடாக்கும் ஓட்டமும் இல்லை. வாங்கிய புதிதில் எல்லாம் சரியாக இருக்கும். சில மாதங்கள் கழிந்தபின் ஒரு பக்க ஒலி கரகரக்கும், சிலவேளை முற்றாக மறையும், பெட்டியைத் தட்டினால் மீண்டும் வரும். செய்ந்நிரலிற் பிழை இருக்கின்றது என்று மாணவன் இரவிரவாகத் தேடுவான். பிழையோ செய்ந்நிரலில் இல்லை. றிலேயைத் தெரிந்த முறையில் இருக்கின்றது.

எனவே சமிக்ஞைகளுக்கென்று வேறு றிலேக்கள் செய்யப்படுகின்றன. அவற்றின் தொடுகைகளின்மேற் பொன் பூசப்பட்டிருக்கும். பொன் ஒட்சியேற்றமடையாது, கந்தகத்தோடும் சேராது. சில வகைகளில் அசையும் தொடுகையின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு கவரின் கீழ் தூசி அகப்பட்டாலும் மற்றைய கவர் தொடும்.

இதன் மறுபக்கத்தையும் அறிக. பொன் பூசிய தொடுகையினூடு ஒருமுறை பெரும் பளுவை மாற்றினால் மெல்லிய பொற்படை எரிந்து அழிந்துவிடும். அதன்பின் அந்த றிலேயை மீண்டும் சமிக்ஞைக்குப் பயன்படுத்துதல் தகாது. 1990 களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நீண்ட காலம் இல்லாதிருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட பெற்றோர் நம்மிடையே உளர். கறள் பிடித்த முனைகளை அரத்தாளாற் சுரண்டிச் சரிசெய்த கைகள் அவர்களுடையவை. அந்தப் பழக்கத்தில் இந்தத் தொடுகைகளைச் சுரண்டிவிடாதீர்கள். பொன்னும் போய்விடும்.

3. கணக்காற் காண்போம்

வீட்டு ஒலிக்கருவியின் வெளியீடு ஏறத்தாழ 0.3 வோல்ற் எனவும், பெருக்கியின் உள்ளீட்டுத் தடை 10,000 ஓம் எனவும் கொள்வோம். ஓமின் விதிப்படி தொடுகையினூடு பாயும் ஓட்டம்:

0.3 ÷ 10,000 = 0.00003 அம்பியர், அதாவது 30 மைக்கிரோ அம்பியர்.

தரவுத்தாளில் 'மிகக் குறைந்த பளு' என ஒரு வரி இருக்கும். நம்பத்தக்க முறையில் மாற்றக்கூடிய சிறும அளவை அது கூறும். ஓம்றொன் நிறுவனத்தின் ஜீ.5.எல்.ஈ. என்னும் பளு றிலேக்கு அது 5 வோல்ற்றில் 100 மில்லி அம்பியர். நமது சமிக்ஞையின் ஓட்டம் அதில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பானசொனிக் நிறுவனத்தின் ரீ.கியூ.2 என்னும் சமிக்ஞை றிலேக்கோ அது 10 மில்லி வோல்ற்றில் 10 மைக்கிரோ அம்பியர். நமது சமிக்ஞை இந்த எல்லைக்கு மேலே நிற்கின்றது.

முதுகில் எழுதிய பெரிய எண் 'எவ்வளவு தாங்கும்' என்பதை மட்டுமே சொல்லும். 'எவ்வளவு சிறியதையும் தவறவிடாது கொண்டுசெல்லும்' என்பதைத் தரவுத்தாள்தான் சொல்லும். சமிக்ஞைக்கு இரண்டாவதே முக்கியம்.

4. தரவுத்தாளிற் பார்க்க வேண்டியவை

முதலாவது, தொடுகையின் உலோகமும் மிகக் குறைந்த பளுவும். இவற்றை மேலே கண்டோம்.

இரண்டாவது, தொடுகைகளின் எண்ணிக்கை. ஒலி இடம், வலம் என இரண்டு வழிகளில் வருவதால், ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றும் இருமுனை இருவழி றிலே வேண்டும். ஒவ்வொரு முனையிலும் பொதுமுனை, இயல்பில் மூடியது, இயல்பில் திறந்தது என மூன்று கால்கள் இருக்கும்.

மூன்றாவது, சுருளின் அழுத்தமும் தடையும். ரீ.கியூ.2 வகையில் 5 வோல்ற் சுருளின் தடை 178 ஓம். ஆகவே ஓட்டம் 5 ÷ 178, அதாவது ஏறத்தாழ 28 மில்லி அம்பியர்.

நான்காவது, நிலைபேறு. சாதாரண றிலே ஓட்டம் உள்ளவரைக்குமே இழுத்து நிற்கும். இன்னொரு வகை, ஒரு கணத் துடிப்பினால் மாறி, பின்னர் ஓட்டமின்றியே அந்த நிலையிற் பூட்டி நிற்கும். மின்கலத்தில் இயங்கும் கருவிக்கு அது சிக்கனமானது. ஆனால் கருவியை மீண்டும் தொடக்கும்போது றிலே எந்த நிலையில் நிற்கின்றது என்பதை நுண்கட்டுப்படுத்தி தானாக அறியமாட்டாது. நமது மேடைக்குச் சாதாரண வகையே பொருத்தம். காரணத்தை ஆறாம் பகுதியிற் காண்க.

5. சுருளை இயக்குதல்

ஆர்டுயினோ யூனோவின் மூன்றாம் பதிப்பில் ஒரு கால் தரத்தக்க ஓட்டம் 20 மில்லி அம்பியர் என்பது பரிந்துரை. 40 என்பது மீறக்கூடாத எல்லை. அதற்குப் பின் வந்த நான்காம் பதிப்பில் ஒரு கால் 8 மில்லி அம்பியர் மட்டுமே தரலாம். ஆகவே 28 மில்லி அம்பியர் வேண்டும் சுருளை நேரே காலோடு இணைத்தல் தவறு. இடையில் ஒரு திரான்சிற்றர் வேண்டும். பீ.சி.547 என்னும் சிறு திரான்சிற்றர் 100 மில்லி அம்பியர்வரை தாங்கும்.

திரான்சிற்றரை முழுமையாகத் திறப்பதற்குச் சுருள் ஓட்டத்தின் பத்திலொரு பங்கை அடிக்குக் கொடுப்பது வழக்கம். அது 2.8 மில்லி அம்பியர். அடிக்கும் காலிக்கும் இடையே 0.7 வோல்ற் செலவாகும். எனவே அடித் தடையி:

(5 − 0.7) ÷ 0.0028 = ஏறத்தாழ 1,500 ஓம்.

சுருளுக்குக் குறுக்கே ஓர் இருவாயியை எதிர்த்திசையில் இணைத்தல் கட்டாயம். அதன் கோடிட்ட முனை நேர்ப் பக்கம் இருக்க வேண்டும். ஓட்டத்தைத் திடீரென நிறுத்தும்போது சுருள் தன் காந்தத்தில் வைத்திருந்த சக்தியைத் திருப்பித் தருகின்றது. போவதற்கு வழியில்லையெனின் நூறு வோல்ற்றையும் தாண்டும் அழுத்தமாக அது திரான்சிற்றரைத் தாக்கக்கூடும். இருவாயி அதற்கு ஒரு வழி அமைத்துக் கொடுக்கின்றது. பல றிலேக்கள் தேவைப்படின் யூ.எல்.என்.2003 என்னும் தொகுசுற்றில் ஏழு இயக்கிகளும் அவற்றுக்குரிய இருவாயிகளும் உள்ளேயே அமைந்துள்ளன.

6. கட்டுப்பாடு நின்றால் எது ஒலிக்க வேண்டும்?

இதுவே வடிவமைப்பவர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி. நுண்கட்டுப்படுத்தியின் மின்வழங்கி கழன்றுவிட்டது, அல்லது செய்ந்நிரல் நின்றுவிட்டது எனக் கொள்வோம். அவ்வேளையில் ஆறு வயதுக் குழந்தை தான் பாடமாக்கிய நான்கு வரிகளைச் சபை முன்னிலையிற் சொல்லிக்கொண்டு நிற்கின்றது. அதன் குரல் நிற்கலாமா?

நிற்கக்கூடாது என்றால் அதை றிலேயின் கால்களிலேயே எழுதிவிடலாம். மூன்று றிலேக்களிலும் ஒலிமூலத்தைப் பொதுமுனையோடு இணைக்க. கணினிக்கும் இறுவட்டுக்கும் உரிய றிலேக்களில் இயல்பில் திறந்த காலைப் பெருக்கிக்குக் கொண்டுசெல்க. ஒலிவாங்கிக்குரிய றிலேயில் மட்டும் இயல்பில் மூடிய காலைக் கொண்டுசெல்க. இப்போது சுருள்கள் யாவும் ஓட்டமின்றி இருக்கையில் ஒலிவாங்கி தானாகவே பெருக்கியோடு இணைந்திருக்கும். மற்றவை துண்டிக்கப்பட்டிருக்கும். நடனப் பாடல் வேண்டும்போது ஒலிவாங்கியின் றிலேயையும் கணினியின் றிலேயையும் சேர்த்து இயக்க வேண்டும். 56 மில்லி அம்பியர் செலவாகும். கட்டுப்படுத்தி செயலிழந்தால் எல்லா விற்களும் தகடுகளைத் திருப்பிவிடும். குரல் மீண்டும் ஒலிக்கும். தன்னைப் பூட்டிக்கொள்ளும் றிலே இந்த உதவியைச் செய்யாது.

7. மாற்றும் ஒழுங்கு

முதலிற் பழைய மூலத்தைத் துண்டிக்க. 10 மில்லி செக்கன் காத்திருக்க. பின்னர் புதிய மூலத்தை இணைக்க. தொடுகை அசைவதற்குச் சில மில்லி செக்கன் ஆகும்; சேர்ந்தபின்னும் சிறிது துள்ளும். காத்திராவிடின் இரண்டு கருவிகளின் வெளியீடுகள் ஒன்றோடொன்று மோதும்.

'டப்' ஓசைக்குக் காரணம், கருவிகளின் வெளியீட்டிலுள்ள கொள்ளளவிகளில் தேங்கிய ஏற்றம். ஒவ்வொரு மூலத்தின் இடம், வலம் ஆகிய இரு கம்பிகளிலிருந்தும், பெருக்கிக்குச் செல்லும் இரு கம்பிகளிலிருந்தும் 100,000 ஓம் தடையி ஒவ்வொன்றைப் புவிக்கம்பிக்கு இணைத்தால் அந்த ஏற்றம் மெல்ல வடிந்துவிடும். சுருள்களின் ஓட்டம் திரும்பும் கம்பியும் ஒலியின் புவிக்கம்பியும் ஒரேயோர் இடத்தில் மட்டும் சந்திக்க வேண்டும். வழி நெடுக ஒன்றாகச் சென்றால் சுருளின் ஓசை ஒலியிற் கலந்துவிடும்.

8. வேறு வழிகள்

நாணற் றிலே என்று ஒன்று உண்டு. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வோல்ரர் எல்வூட் 1936 இல் ஆக்கிய நாணல் ஆளியை அடிப்படையாகக் கொண்டது அது. கண்ணாடிக் குழாயினுள் அடைபட்ட இரு மெல்லிய தகடுகளே அதன் தொடுகைகள். தூசியும் கந்தகமும் உள்ளே நுழையா. சிலவற்றின் 5 வோல்ற் சுருள் 500 ஓம் தடை கொண்டது. 10 மில்லி அம்பியர் போதும். ஆனால் பல வகைகளில் ஒரு முனை மட்டுமே இருப்பதால், இட வலத்துக்கு இரண்டு வாங்க வேண்டும்.

4066 போன்ற தொகுசுற்றுக்கள் அசையும் உறுப்பு எதுவுமின்றிச் சமிக்ஞையை மாற்றும். மலிவானவை, ஓசையற்றவை. எனினும் சமிக்ஞை அவற்றின் வழங்கல் அழுத்தத்தின் எல்லைக்குள் அடங்க வேண்டும்; மூடிய நிலையிலும் பத்துக்கணக்கு முதல் நூற்றுக்கணக்கு வரையான ஓம் தடை எஞ்சும். மேலே சொன்னபடி கட்டுப்பாடு நிற்கும்போது ஒலிவாங்கியைத் தானாக இணைக்கும் ஆற்றலும் அவற்றுக்கு இல்லை. எனவே நமது தேவைக்குப் பொன் பூசிய சமிக்ஞை றிலேயே தகும்.

9. பெற்றோர் கவனத்துக்கு

இச்செய்முறை முழுவதும் 5 வோல்ற்றிலும் ஒலிச் சமிக்ஞையிலும் அடங்குவது. வீட்டுச் சுவரிலிருந்து வரும் மின்னை மாற்றும் றிலே வேலையைப் பிள்ளைகளிடம் விடவேண்டாம். பற்றாசு உருக்கும்போது சாளரத்தைத் திறந்துவைக்கவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாயகத்திலே பௌதிகத்தைத் தமிழிற் கற்ற பெற்றோர்க்குத் தொடுகை, தடையி, இருவாயி, கொள்ளளவி என்னும் சொற்கள் புதியவையல்ல. ஆனால் நுண்கட்டுப்படுத்தி அவர்கட்குப் புதிது. பிள்ளைகளுக்கோ கருவி பழக்கம், சொற்கள் புதியவை. பாதியறிவு ஒருவரிடமும் மறுபாதி மற்றவரிடமும் இருக்கின்றது. ஒரே மேசையில் அமர்ந்து ஒரு றிலேயைப் பூட்டினால் இரண்டும் சேரும். தமிழில் விளக்கக் கேட்ட ஒன்றைத் தமிழிலேயே திருப்பிச் சொல்லப் பழகும் பிள்ளைக்கு, இம்மொழி வீட்டுப் பேச்சுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் தோன்றாது.

10. பயிற்சி

1. ஒரு றிலேயின் சுருள் 5 வோல்ற், 50 ஓம். அதற்கு வேண்டிய ஓட்டம் யாது? பீ.சி.547 திரான்சிற்றரை அதற்குப் பயன்படுத்துவது ஏன் தகாது?

2. பெருக்கியின் உள்ளீட்டுத் தடை 47,000 ஓம் ஆயின், 0.3 வோல்ற் சமிக்ஞையால் தொடுகையிற் பாயும் ஓட்டத்தைக் காண்க. அதை 10 மைக்கிரோ அம்பியருடன் ஒப்பிடுக.

3. இருவாயியைத் திசை மாற்றி இணைத்தால் திரான்சிற்றர் திறக்கும் கணத்தில் என்ன நிகழும்?

4. நடனப் பாடல் ஒலித்துக்கொண்டிருக்கையில் நுண்கட்டுப்படுத்தியின் மின் நிற்கின்றது. மூன்று றிலேக்களும் எந்நிலையை அடையும்? படம் வரைந்து காட்டுக.

5. றிலே எவ்வாறு இயங்குகின்றது என்பதைத் தாய்க்கோ தந்தைக்கோ பாட்டிக்கோ ஆங்கிலச் சொற் கலவாமல் ஐந்து வாக்கியங்களில் விளக்குக. அவர்கள் கேட்கும் முதற் கேள்வியை எழுதிக்கொண்டு வகுப்புக்கு வருக.

முதல் நான்கு வினாக்களுக்கும் உரிய விடைகளை விடுமுறைக்குப் பின் வரும் முதல் வகுப்பிற் சேர்ந்து சரிபார்ப்போம். ஐந்தாவதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நீங்களே. பெரிய எண்ணைக் கண்டு மயங்காமல், கொண்டுசெல்ல வேண்டியது எவ்வளவு மெல்லியது என்பதை முதலிற் கேளுங்கள். அதற்கேற்ற கருவி பின்னர் தானே தெரியவரும்.